சிவப்பு முக்கோணம்

தில்லிக்கு நான் வந்தது 1978-ஆம் ஆண்டு. கரோல் பாகில் நான்கு பேராக ஓர் அறையில் தங்கியிருந்தோம். அலுவலகம் போகும் பஸ் பூசா சாலை வழியாகப் போகும். இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பச்சை வயல்களை ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வரும். நாற்று மணம் இங்கே வரை அடிப்பதுபோல் இருக்கும். அவ்வளவுதான். பதினாறு வருஷம் அந்தச் சாலையில் போய் வந்தேன். ஒரு நாள்கூட இறங்கி உள்ளே போனதில்லை. "அங்கே நமக்கு என்ன வேலை? நாம் குமாஸ்தா, வயலைப் பார்த்துக்கொள்ள ஊரில் அண்ணன் இருக்கிறார்" என்று இருந்துவிட்டேன்.

பிறகு இறங்கிப் போக வேண்டி வந்தது. அந்தக் கதையைத்தான் நம் சங்கத்து வாசகர்களுக்குச் சொல்லப் போகிறேன். நம்மில் பலருக்கு ஊரில் ஒரு வேலியோ, அரை வேலியோ, இல்லாவிட்டால் இரண்டு மாவாவது நிலம் இருக்கிறது. சொந்தத்தில் யாரோ பார்க்கிறார்கள், அல்லது குத்தகைக்கு விட்டிருக்கிறோம். ஆகவே இது என் குடும்பத்தின் கதை மட்டும் அல்ல.

ரேடியோ நெல்

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். அப்போது தஞ்சை மாவட்டம், இப்போது திருவாரூர் மாவட்டம். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அறுபதுகளில் ஊராட்சி மன்றக் கட்டடத்தின் மேல் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. சாயங்காலம் ஆனால் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியை அதில் வைப்பார்கள். அப்பாவும் இன்னும் பத்துப் பேரும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். வெற்றிலை போடுவதைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

அந்த வானொலி சொல்லித்தான் ஆடுதுறை-27 என்ற குறுகிய கால நெல் எங்கள் பக்கம் பரவியது. ஆடுதுறையில் 1922 முதல் இருந்துவரும் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடு அது. எத்தனை நாளில் நாற்றுப் பறிப்பது, எவ்வளவு இடைவெளியில் நடுவது, எப்போது மேலுரம் இடுவது என்று ஒவ்வொரு படியாக வானொலியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 'ஆடுதுறை இருபத்தேழு' என்பது யார் வாயிலும் நுழையவில்லை. 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயர் வந்தது உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

அப்பா மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். ஆனால் ரேடியோவில் கேட்டதை என்னைக் கூப்பிட்டு என் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதச் சொல்வார். மறுநாள் அந்த நோட்டோடு வயலுக்குப் போவார். கூலி கொடுக்காமல், கைகட்டி நிற்காமல், அதிகாரி வீட்டு வாசலில் காத்திராமல் கிடைத்த படிப்பு அது. 'காசு கொடுக்காமல் வந்ததாச்சே' என்று அவர் அதை இளப்பமாக நினைக்கவில்லை.

இதெல்லாம் திடீரென்று முளைத்த ஏற்பாடும் அல்ல. 1956-லேயே புனே பக்கத்து மராத்தி கிராமங்களில், விவசாயிகள் கூட்டமாக உட்கார்ந்து வானொலி கேட்டுப் பிறகு விவாதிக்கும் சோதனை நடந்திருக்கிறது. தொலைக்காட்சியில் 'கிருஷி தர்ஷன்' 1967-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று இதே தில்லியில், சுற்றியுள்ள 80 கிராமங்களுக்காகத் தொடங்கியது. நம்மில் பலர் சித்ரஹாருக்குக் காத்திருந்தபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்த அதே கிருஷி தர்ஷன்தான்.

1994 கார்த்திகை

அப்பா காலமான பிறகு நிலம் அண்ணன் கைக்கு வந்தது. நான்கு ஏக்கர். 1994-ஆம் ஆண்டு சம்பா நட்டு ஒரு மாதம் இருக்கும். இலைச்சுருட்டுப் புழு விழுந்து வயல் வெளுத்துக் கிடந்தது. பார்க்கிறவர் வயிறு கலங்கும்படி இருந்ததாம். கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கொடுத்து, "இதை அடிங்க, ரெண்டே நாள்ல சுத்தமாயிடும்" என்றிருக்கிறார். அளவு என்ன என்று கேட்டதற்கு, "மூடியில ரெண்டு ஊத்துங்க, புழு ஜாஸ்தின்னா மூணு" என்றாராம்.

அண்ணனும் எங்கள் வயலில் வெகுகாலமாக வேலை செய்துவந்த ஒருவரும் ஆளுக்கொரு கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். மேலே துண்டு, கீழே வேட்டி மடித்துக் கட்டு. மருந்தைக் கலக்கியது கையால். நடுவில் தெளிப்பானின் முனை அடைத்துக்கொள்ள, அந்த ஆள் வாயை வைத்து ஊதியிருக்கிறார். எதிர்க்காற்று வேறு.

பகல் பதினொரு மணிக்கு அண்ணன் வரப்பில் சுருண்டு விழுந்தார். வாயில் எச்சில் வழிகிறது, உடம்பெல்லாம் வியர்வை, கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது. அண்ணி ஓடிப்போய் ஆள் கூப்பிட்டு, வாடகைக் கார் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பாட்டில் எங்கே?" யாரும் எடுத்து வரவில்லை. ஒருவர் சைக்கிளில் திரும்பிப் போய் எடுத்து வந்தார். அட்ரோபின் ஊசி மேல் ஊசியாகப் போட்டு மூன்றாம் நாள்தான் கண்ணைத் திறந்தார் அண்ணன்.

தந்தி கண்டு நான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி ஊர் போய்ச் சேர்வதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. கூட மருந்தடித்தவர் தலை சுற்றுகிறது என்று தானாகவே வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார். வழியில் தள்ளாடி விழுந்திருக்கிறார், வாந்தி எடுத்திருக்கிறார். பார்த்தவர்கள் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். வீட்டில் மோர் கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவு வரவில்லை. இரவு மூச்சு திணறியபோதுதான் வண்டி கட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது. முப்பத்தைந்து வயது. ஐந்து வயதில் ஒரு பையன்.

அண்ணனின் கட்டிலருகில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு சிவப்பு முக்கோணம். மேலே மண்டையோடு, மங்கலாக. எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் ஏதேதோ.

"இந்தச் சிவப்பு முக்கோணத்தைப் பாக்கலியா அண்ணே?" என்று கேட்டேன்.

"பாத்தேன்டா. குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம்னு நெனச்சேன்" என்றார்.

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. நாடு முழுக்கச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து குடும்பக் கட்டுப்பாடு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே சிவப்பு முக்கோணத்தைக் கொடிய விஷத்துக்கும் வைத்தால் அவர் என்ன செய்வார்? ஒன்றைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னார்கள். மற்றதைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பூசா வாசலைத் தினமும் கடந்துபோன தம்பியும் சொல்லவில்லை.

பூசாவுக்குள்

தில்லி திரும்பியதும் அடுத்த சனிக்கிழமை பூசாவில் இறங்கினேன். யாராவது தடுப்பார்கள் என்று பயம். யாரும் தடுக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் நெல் விவசாயம் என்றதும் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கை நிறையத் துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தார். எல்லாம் இந்தியில். காசு கிடையாது. ஆண்டுதோறும் மாசி மாதவாக்கில் நடக்கும் வேளாண் அறிவியல் மேளாவுக்கும் வரச் சொன்னார். போனேன். ஹரியானா, உத்தரப் பிரதேச விவசாயிகள் லாரி லாரியாக வந்து இறங்குகிறார்கள். விதையைக் கையில் வைத்துக்கொண்டு விஞ்ஞானியிடம் வாதாடுகிறார்கள். அப்பா இருந்திருந்தால் மூன்று நாளும் அங்கேயே படுத்திருப்பார்.

இந்த நிலையம் 1905-ல் பீகாரில் பூசா என்ற ஊரில் தொடங்கி, 1934 பூகம்பத்தில் இடிந்துபோய், 1936-ல் தில்லிக்கு வந்தது. ஊரை விட்டாலும் பெயரை விடவில்லை, நம்மைப் போலத்தான்! அறுபதுகளில் இதன் இயக்குநராக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. தில்லியின் ஜௌந்தி கிராமத்தை அவர் விதைக் கிராமமாக ஆக்கினார். ஆராய்ச்சி ஏட்டில் இருந்தால் போதாது, விவசாயியின் வயலிலேயே செய்து காட்ட வேண்டும் என்பது அவர் பிடித்த பிடிவாதம்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வேலை வந்தது. இந்திப் பிரசுரத்தைத் தமிழாக்கி, இன்லண்டு லெட்டரில் பொடி எழுத்தில் எழுதி அண்ணனுக்கு அனுப்புவேன். முதலில் அவர் பதிலே போடவில்லை. ஆறாவது கடிதத்துக்கு ஒரு வரி வந்தது: "நீடாமங்கலத்திலேயே இதெல்லாம் தமிழில் சும்மா கொடுக்கிறார்கள். ஏன் தபால் செலவு?"

பார்த்தால், உண்மைதான். வேளாண் அறிவியல் நிலையம் என்று மாவட்டத்துக்கு ஒன்றாக வைக்கும் திட்டத்தில் நாட்டின் முதல் நிலையமே நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில், 1974-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் தொடங்கியது. இன்று நாடெங்கும் 700-க்கு மேல். தில்லிக்கு நஜஃப்கரை அடுத்த உஜ்வாவில், திருவாரூருக்கு நீடாமங்கலத்தில், நாகைக்குச் சிக்கலில். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. நான் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் தேடியது வீட்டு வாசலில் இருந்திருக்கிறது.

சின்னச் சின்ன விஷயங்கள்

இப்படிக் கிடைக்கும் படிப்பில் பிரமாதமான ரகசியம் எதுவும் இல்லை. சின்னச் சின்ன விஷயங்கள்தான். சில மட்டும் சொல்கிறேன்.

விதை நெல்: தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, அதில் ஒரு புதிய கோழி முட்டையைப் போட வேண்டும். முட்டை மிதந்து, நாலணாக் காசு அளவு மேலே தெரிந்தால் உப்பு சரி. அதில் விதையைக் கொட்டினால் பொக்கு மிதக்கும், தரமானது அடியில் நிற்கும். அடியில் நிற்பதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்கலாம். நாலணாக் காசு 2011-ல் செல்லாமல் போய்விட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் இதற்காகவே ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மண்: வரப்போரம், மரத்தடி, எருக்குழி பக்கம் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, அதன் பக்கத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ எடுத்துத் துணிப்பையில் கட்டிப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் எங்கள் வயலுக்கும் அட்டை வந்தது. 'அண்டை வயல்காரர் ஒரு மூட்டை போட்டால் நான் ஒன்றரை' என்று யூரியா போட்ட காலம் அத்தோடு போயிற்று.

இலை வண்ண அட்டை: பச்சையின் வண்ண வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, அட்டைக்குத் தெரியும். வாரம் ஒருமுறை, நம் உடம்பின் நிழலில், பத்து இலைகளை அட்டையோடு ஒப்பிட்டு, பாதிக்கு மேல் குறிப்பிட்ட அளவைவிட வெளுத்திருந்தால் மட்டும் தழைச்சத்து இட்டால் போதும்.

மாடு: மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடியில் ஒரு நாளைக்குப் பலமுறை தடவும் முறையைத் தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஆராய்ந்து பரப்பினார். குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசியப் பால்வள வாரியம் இதை எடுத்துக்கொண்டு வேறு மொழிக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நம் பாட்டி வைத்தியம் குஜராத்துக்குப் போய் வந்ததில் ஒரு சந்தோஷம்தான். காய்ச்சல் அடித்து மாடு தீனி எடுக்காவிட்டால் கற்றாழையோடு நிற்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கோமாரித் தடுப்பூசி இலவசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறக்கூடாது.

நான்கு நிறங்கள்

இனி அந்த முக்கோணத்துக்கு வருகிறேன். இதை மட்டும் வாசகர்கள் அருள்கூர்ந்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி ஒவ்வொரு மருந்து பாட்டிலிலும் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த விஷம். பச்சையும் விஷம்தான், பாயசம் அல்ல.

மருந்தடிக்கிறவர் முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கு வாய்க்குத் துணி இல்லாமல் இறங்கக்கூடாது. காற்றுக்கு எதிரே அடிக்கக்கூடாது. அடைப்பை வாயால் ஊதக்கூடாது. கை கழுவாமல் பீடி, வெற்றிலை கூடாது. காலிப் பாட்டிலை எதற்கும் பயன்படுத்தக்கூடாது. 2013-ல் பீகார் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில், ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்தியில் மருந்தடித்த விவசாயிகளும் கூலிக்காரர்களுமாக 20 பேருக்கு மேல் மாண்டார்கள்.

யாருக்காவது மருந்து தாக்கினால்: காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வந்து, உடுப்பைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பாலோ மோரோ கொடுக்கக்கூடாது, வலிய வாந்தி எடுக்கவைக்கக்கூடாது. பாட்டிலையும் ஆளையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூட மருந்தடித்தவர் எங்கே என்று தேட வேண்டும். இந்தக் கடைசி வரி எந்தப் பிரசுரத்திலும் இல்லை. நான் சேர்த்தது.

இன்னொன்று. அண்ணன் விழுந்த அதே 1994-ல் வியட்நாமின் மீகாங் டெல்டாவில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் அந்நாட்டாரும் சேர்ந்து விவசாயிகளுக்கு ஒன்றே ஒன்று சொன்னார்கள்: நெல் விதைத்த முதல் 40 நாளுக்கு இலை தின்னும் புழுவுக்கு மருந்தடிக்காதீர்கள், பயிர் தானே துளிர்த்துத் தேறிவிடும், மகசூல் குறையாது. வானொலி நாடகமாகவும் போட்டார்கள். வீணாக அடித்த மருந்து பாதிக்கு மேல் குறைந்தது. இதை நான் பல வருஷம் கழித்துப் படித்தேன். எங்கள் வயலில் அன்று அடித்தது நட்ட முப்பதாம் நாள். அந்த மருந்தே தேவைப்பட்டிருக்காதோ என்னவோ. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணனிடம் இதை இன்றுவரை சொல்லவும் இல்லை.

இன்று எங்கே கேட்பது?

இன்லண்டு லெட்டர் காலம் போயிற்று. 2004 முதல் 'கிசான் கால் சென்டர்' இருக்கிறது. எண் 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 வரை, ஞாயிறு உட்பட, கட்டணம் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து பேசினால் தமிழிலேயே பதில். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் 1962. தமிழ்நாடு அரசின் 'உழவன்' செயலி 2018 முதல் செல்பேசியில் உண்டு. விஷம் பற்றிய ஆலோசனைக்கு நம் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995-ல் தொடங்கிய தேசிய விஷ தகவல் மையம் இரவு பகல் எந்நேரமும் பதில் சொல்கிறது: 1800-116-117. இந்த எண்களை வெட்டி எடுத்து ஊருக்கு அனுப்புங்கள்.

குறை இல்லாமல் இல்லை. சில சமயம் தொலைபேசியில் புத்தகத்தை வாசிப்பதுபோல் பதில் வருகிறது. பாட்டில் எழுத்து இன்றும் எறும்பு எழுத்துத்தான். பயிற்சிக்கு நிலம் உள்ளவர் போகிறார். மருந்தடிக்கிற கூலிக்காரர் போவதில்லை, போனால் அன்றைய கூலி போச்சு. இலவசம் என்பது எல்லாருக்கும் இலவசம் அல்ல.

சென்ற தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணனுக்கு வயதாகிவிட்டது, அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான். வயலில் விசைத்தெளிப்பானோடு ஒருவர் நின்றார். முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தில் கட்டிய துணி. துணியை இறக்கியதும் தெரிந்தது, 1994-ல் ஐந்து வயதுப் பையனாக இருந்தவர். அண்ணன் மகன்தான் இரண்டு நாள் கூலியைக் கொடுத்து நீடாமங்கலம் பயிற்சிக்கு அனுப்பிவைத்தானாம். இப்போது சுற்று வட்டாரத்தில் மருந்தடிக்க அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கையில் இருந்த பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். நீல முக்கோணம். எழுத்து எனக்குத் தெரியவில்லை.

"குடுங்க சித்தப்பா" என்று வாங்கி, செல்பேசியால் அதைப் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கி, அளவையும் எச்சரிக்கையையும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார். "இப்படித்தான் பாத்துக்குவேன். செவப்பு முக்கோணம் குடுத்தா அடிக்க மாட்டேன்னு கடைக்காரர்ட்டயே சொல்லிட்டேன்" என்றார். அவர் அப்பாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நம் நிலத்திலிருந்து வருஷம் இரண்டு மூட்டை அரிசி பார்சலில் வந்தால் சந்தோஷப்படுகிறோம், பொங்கலுக்குச் சங்கத்தில் அதன் பெருமையைப் பேசுகிறோம். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது குத்தகை பாக்கியைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "நம்ம வயல்ல மருந்தடிக்கிறது யாரு? அவருக்குக் கையுறை இருக்கா?" இல்லை என்றால் ஒரு ஜோடி வாங்கி அனுப்புங்கள். இரண்டு நாள் கூலியையும் சேர்த்து அனுப்பினால் அவரும் பயிற்சிக்குப் போய் வருவார்.